எங்கள் வீட்டுச் சத்தம்

சாம்பியன் ரீஃப்,
கோலார் தங்கவயல்,
19 ஜூலை 2025

அத்தை,

செவ்வாய்க்கிழமை ஆன்லைன் வகுப்பில் என் மைக்கை மூடி, என்னை வெளியே தள்ளியது நீங்கள். இதை முதலில் எழுதிவிடுகிறேன். தோத்திரமும் நலம் விசாரிப்பும் இதற்குக் கீழேதான் வரும்.

தோத்திரம். நீங்களும் மாமாவும் சுகமா? உங்கள் கழுத்து வலி எப்படி இருக்கிறது? அப்பா சுகம். அம்மாவுக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது. தினமும் வேலைக்கு ரயிலில் பெங்களூர் வரைக்கும் நின்றுகொண்டே போனால் வீங்காமல் என்ன செய்யும்? நான் சுகமில்லை.

போன் செய்தேன், எடுக்கவில்லை. செய்தி அனுப்பினேன், படித்ததற்கு நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. அப்பாவுக்குக் காது போனதிலிருந்து நீங்கள் அவரோடு பேசுவது கடிதத்தில்தான். அதனால் கடிதமென்றால் பிரித்துப் பார்ப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

உங்களுக்கு மறந்திருந்தால் நடந்ததைச் சொல்கிறேன். தொழில் நின்றுபோன ஊர்களைப் பற்றி விவாதம். "யார் வேண்டுமானாலும் பேசலாம், மரியாதையாகப் பேச வேண்டும்" என்றீர்கள். உதய் கேமராவைப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தான்: "முழு மரியாதையோட சொல்றேன் மேடம். கேஜிஎஃப் ஜனங்களை எடுத்துக்குங்க. அழுக்கு வேலை செய்யறதுக்குன்னு கொண்டுவந்து இறக்கின கூட்டம். சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேல ஆகுது, இன்னும் வீட்டைக் காலி பண்ணாம உக்காந்திருக்காங்க. தினமும் ரயில்ல நம்ம ஊருக்கு வர்றாங்க. அந்தப் பெட்டியில ஏறினா வாசனையே சொல்லும், யாருன்னு. யாரையும் புண்படுத்தறதுக்காகச் சொல்லல, இது ஒரு கருத்து."

நீங்கள் சொன்னது: "நல்லது உதய், கோர்வையாகச் சொன்னாய். வேறு யார் சேர்க்கிறீர்கள்?"

உங்கள் வகுப்பில் ஒரு விதி உண்டு. ஒருவர் பேச்சு இன்னொருவரைக் காயப்படுத்தினால், காயப்பட்டவர் சாட்டில் '1' என்று போட வேண்டும். உடனே பேச்சு நிற்கும். அடுத்துப் பேசும் முறை '1' போட்டவருக்குத்தான். நான் போட்டேன். நிற்கவில்லை. மறுபடி போட்டேன். நிற்கவில்லை. மூன்றாவது தடவையும் போட்டேன்.

அதன் பிறகுதான் மைக்கைத் திறந்தேன். "நிறுத்துடா. அந்த ரயில்லதான் எங்க அம்மா வர்றா. வாசனை இன்னான்னு எங்க அம்மா முன்னாடி வந்து நின்னு சொல்லு." இவ்வளவுதான். கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. சொல்லி முடிப்பதற்குள் திரையில் வந்தது, வகுப்பை நடத்துபவர் உங்களை நீக்கிவிட்டார் என்று.

வெள்ளிக்கிழமை கல்லூரியிலிருந்து மின்னஞ்சல். 'கூச்சலிட்டு சக மாணவரை மிரட்டியதாக வகுப்பு ஆசிரியை புகார். விசாரணை முடியும்வரை வகுப்பில் சேர அனுமதி இல்லை.' வகுப்பு ஆசிரியை நீங்கள். ராபர்ட்சன்பேட்டை ஜவுளிக்கடையில் பகலெல்லாம் புடவை மடித்துவிட்டு சாயங்காலம் படிக்கிற படிப்பு இது. இந்தச் செமஸ்டர் போனால் அடுத்ததற்குச் சேர முடியுமா என்று எனக்குத் தெரியாது.

ஏன் செய்தீர்கள்? அதை மட்டும் எழுதுங்கள்.

பதிலுக்காக உட்கார்ந்திருக்கும்,
ஆஷ்லி


பனசவாடி,
பெங்களூரு,
2 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஆஷ்லிக்கு,

கர்த்தரின் கிருபையில் நாங்கள் சுகம். என் கழுத்து வலி பரவாயில்லை. அண்ணியை வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். அண்ணன் நான் வாங்கி அனுப்பிய காது மிஷினைப் போடுகிறாரா? பேட்டரியைக் கழற்றி வைக்காவிட்டால் வீணாகிவிடும்.

முதலில் ஒன்று. வாட்ஸ்அப்பில் எதையும் எழுதாதே. இந்தக் காலத்தில் எது எப்போது ஸ்கிரீன்ஷாட்டாகி யார் கையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. விசாரணை நடக்கும்போது ஆசிரியையும் மாணவியும் தனியாகப் பேசிக்கொள்வது சரியும் அல்ல. எழுத வேண்டுமென்றால் தபாலில் எழுது. என் கடிதங்களைப் படித்ததும் கிழித்துவிடு.

நீ கேட்டதற்கு வருகிறேன். ஆன்லைனில் அறுபது பேரை வைத்து விவாதம் நடத்துவது வகுப்பறையில் நடத்துவது போல அல்ல. முகம் தெரியாது. ஒருவர் குரலை உயர்த்தினால் அடுத்த நிமிடம் எல்லாரும் கத்துவார்கள். ஒரு தடவை கட்டுப்பாடு போனால் அந்த வருடம் முழுக்கத் திரும்பாது. உதய் சொன்னதை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று யார் சொன்னது? ஆனால் அவன் சொன்ன விதத்தில் விதிமீறல் இல்லை. நீ சொன்னதில் நியாயம் இருந்திருக்கலாம். சொன்ன விதம் விதிமீறல். ஆசிரியையாக நான் விதத்தைத்தான் பார்க்க முடியும்.

நீ '1' போட்டதை நான் கவனிக்கவில்லை. சாட் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் இதோடு முடிந்துவிடும். நானே நாலு வரி எழுதி இதோடு வைத்திருக்கிறேன். பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. உன் நல்லதற்குத்தான் சொல்கிறேன், கண்ணு.

எல்லோருக்கும் என் ஜெபங்கள்.

அன்புடன்,
ஐடா அத்தை


சாம்பியன் ரீஃப்,
6 ஆகஸ்ட் 2025

அத்தைக்கு,

தோத்திரம். எல்லோரும் சுகம். அம்மா ஒத்தடம் கொடுக்கிறாள். காது மிஷின் டப்பாவில் இருக்கிறது.

நீங்கள் '1'ஐப் பார்த்தீர்கள். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் ராதிகா 'மேடம், குரல் உடைந்து உடைந்து வருகிறது' என்று சாட்டில் போட்டாள். "இப்போது சரியா ராதிகா?" என்று கேட்டீர்கள். அவள் வரிக்கு மேலே ஒரு '1', கீழே ஒரு '1'. நடுவில் இருந்ததைப் படித்த கண்ணுக்கு மேலும் கீழும் தெரியாதா?

அந்த '1' எங்கிருந்து வந்தது என்று வகுப்பில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஏதோ பயிற்சி முகாமில் கற்றதாக எல்லாரிடமும் சொன்னீர்கள். நான் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அது சுரங்க ஷாஃப்டில் அடிக்கிற மணி. ஒரு தடவை மணி அடித்தால், ஆட்களை ஏற்றி இறக்குகிற கேஜ் நிற்க வேண்டும். மேஸ்திரி அடித்தானா, புதிதாக வந்த கூலி அடித்தானா என்று மேலே எஞ்சினை ஓட்டுகிறவன் பார்க்க மாட்டான். முதலில் நிறுத்துவான், பிறகுதான் ஏன் என்று கேட்பான். தாத்தாவும் அப்பாவும் அதை நம்பித்தான் கீழே இறங்கினார்கள். ஊர் பேரை எடுத்துவிட்டு விதியை மட்டும் வைத்துக்கொண்டீர்கள். சரி, வைத்துக்கொள்ளுங்கள். நான் அடித்தபோது நிறுத்தியிருக்கலாமே?

என் குரலைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். கல்லில் துளை போடுகிற மிஷினோடு பதினாலு வருஷம் நின்றவர் உங்கள் அண்ணன். உங்கள் அப்பாவும் அதே வேலைதான். இந்தச் சுரங்கத் தொழிலாளர் லைனில் முக்கால்வாசி வீட்டில் ஆண்களுக்குக் காது கேட்காது. 'சாப்பிட்டியா' என்று கேட்டாலே நாலு வீடு தாண்டிக் கேட்கும். நீங்களும் இப்படிக் கத்திப் பேசி வளர்ந்தவர்தான். பெங்களூர் போய்க் குரலை இறக்கிக்கொண்டீர்கள். நான் இறக்கினால் அப்பா "இன்னா? இன்னா?" என்று என் வாயைப் பார்ப்பார். புகாரில் 'கூச்சல்' என்று எழுதினீர்களே, அந்தக் கூச்சல் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டே எழுதினீர்கள்.

நான் மைக்கைத் திறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் இன்னொன்று நடந்தது. உங்களுக்குத் தெரியும். நான் எழுதுகிற கடிதத்தைத் தபாலில் போடுவது அப்பா. ஒட்டித்தான் கொடுக்கிறேன், ஆனாலும் ஒருநாள் பிரித்து வாசித்துவிட்டால் அவர் தாங்க மாட்டார். அதனால் அதை இதில் எழுதவில்லை. நீங்கள் எழுதுங்கள்.

உங்கள் நாலு வரியைத் திருப்பி அனுப்புகிறேன். அதில் 'எந்தக் காரணமும் இல்லாமல்' என்று இருக்கிறது. நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஆஷ்லி


பனசவாடி,
21 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஆஷ்லி,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்காக ஜெபிக்கிறேன்.

விசாரணைக் குழு செப்டம்பர் 18, வியாழக்கிழமை கல்லூரியில் கூடுகிறது. முதல்வர், இரண்டு துறைத் தலைவர்கள், வகுப்பு ஆசிரியை என்ற முறையில் நான். பெற்றோரில் ஒருவர் உன்னோடு வர வேண்டும். மன்னிப்புக் கடிதம் இல்லையென்றால் இந்தச் செமஸ்டர் ரத்து என்றுதான் முதல்வர் நினைக்கிறார்.

நீ '1' என்று போட்டதைப் பற்றி மறுபடி மறுபடி எழுத வேண்டாம். என் பணி ஒப்பந்தத்தை வருடா வருடம் செப்டம்பரில்தான் புதுப்பிக்கிறார்கள். அதை இதோடு முடிச்சுப் போட்டுப் பார்க்காதே. சும்மா சொன்னேன்.

நீ சொல்கிற 'இன்னொன்று' எது என்று எனக்குப் புரியவில்லை.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

ஐடா அத்தை


சாம்பியன் ரீஃப்,
25 ஆகஸ்ட் 2025

என் அன்புத் தங்கச்சி ஐடாவுக்கு,

அண்ணன் ஆபிரகாம் தோத்திரம் சொல்லி எழுதுறது. நான் சுகம்மா. நீயும் மாப்பிள்ளையும் சுகமா? இங்க காத்து அடிக்குது, சுரங்க மண்ணு கொட்டின சயனைடு மேட்டுத் தூசி பூரா வீட்டுக்குள்ளதான். உங்க அண்ணி ரெண்டு வேளை பெருக்குறா. காது மிஷின் போட்டா உள்ளே விசில் அடிக்குது. கோச்சுக்காதே, பத்திரமா வச்சிருக்கேன்.

பொண்ணுக்குக் காலேஜிலேர்ந்து தாக்கீது வந்திருக்கு. இன்னா தகராறுன்னு கேட்டா, "ஒண்ணுமில்லப்பா, சும்மா வாய்த்தகராறு"ங்கிறா. அவளுக்கு வாய் பெருசு. என்னாலதான் அப்படி ஆச்சு. மெதுவாப் பேசினா எனக்குக் கேக்காதுன்னு சின்னப் புள்ளையிலேர்ந்து கத்திப் பழகிட்டா. நீ வேலை செய்யிற எடத்துல அவளால உனக்குத் தலைகுனிவு வந்துச்சுன்னா எனக்குச் சோறு இறங்காது. அவளுக்குப் பதிலா நான் மன்னிப்புக் கேக்குறேன். மன்னிச்சுடும்மா.

பெத்தவங்க வரணும்னு போட்டிருக்கு. நானே வர்றேன். வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டு வச்சிருக்கு. உன் காலேஜையும் பார்த்த மாதிரி ஆச்சு, உன்னையும் பார்த்த மாதிரி ஆச்சு. நீ இங்க வந்து ரெண்டு கிறிஸ்மஸ் போயிடுச்சு. உங்க காலேஜுப் பெரியவருகிட்ட "நான் ஐடா மேடத்தோட அண்ணன்"னு சொன்னா நாற்காலி போட மாட்டாரா இன்னா? சிரிக்காதே.

ராத்திரி உன் வீட்டுலயே தங்கிட்டு மறுநாள் கிளம்புறேன். அண்ணி ரொட்டி சுட்டுத் தருவா.

உன் அண்ணன்,
ஆபிரகாம்


பனசவாடி,
1 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தோத்திரம். நீங்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்கக் கூடாது. அப்படி எழுதாதீர்கள்.

நீங்கள் வர வேண்டாம் அண்ணா. ரயில் கூட்டத்தில் உங்களால் நிற்க முடியாது. அண்ணி வந்தால் போதும். அந்த வாரம் எங்கள் வீட்டில் பெயிண்ட் அடிக்கிறார்கள், தங்கவும் வசதிப்படாது. கல்லூரியில் என்னை உறவு என்று சொல்லிக்கொள்ள வேண்டாம் என்று அண்ணியிடமும் ஆஷ்லியிடமும் சொல்லுங்கள். அவளுக்குச் சலுகை காட்டுகிறேன் என்று ஆகிவிடும். அவள் நன்மைக்குத்தான்.

தூசிக்கு வாயில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

தங்கை,
ஐடா


ராபர்ட்சன்பேட்டை,
5 செப்டம்பர் 2025

அத்தைக்கு,

தோத்திரம். இதைக் கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுதி, இங்கிருந்தே தபாலில் போடுகிறேன். அப்பா கையில் படாது.

உங்கள் கடிதத்தை அப்பா இரண்டு தடவை வாசித்தார். "பாவம், வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறாளாம்" என்றார். வெள்ளைச் சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்தார். அதனால் எழுதுகிறேன்.

உதய் முடித்ததும் ராதிகா கேட்டாள்: "மேடம், உங்களுக்கு அந்த ஊர்ல யாராவது தெரியுமா? நேர்ல கேட்டா நல்லா இருக்கும்." நீங்கள் சொன்னீர்கள்: "இல்லை. எனக்கு அங்கே யாரையும் தெரியாது." ஆங்கிலத்தில் சொன்னீர்கள். தயங்கவில்லை. முகத்தில் அந்தச் சிரிப்பைக்கூட மாற்றவில்லை.

அப்போது அப்பா என் பக்கத்தில் இருந்தார்.

இது உங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அவர் தலை வாரிக்கொண்டு என் கட்டிலில், கேமராவுக்கு வெளியே, உட்கார்வார். ஒன்றும் கேட்காது. ஆங்கிலமும் புரியாது. உங்கள் முகத்தைப் பார்ப்பார். "இளைச்சிருக்கா." "புதுக் கண்ணாடி." "கோவமா இருக்கா போல." ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். அங்கே யாரையும் தெரியாது என்று நீங்கள் சொன்னபோது அவர் உங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நீங்களும் சிரித்துக்கொண்டிருந்தீர்களே.

நான் கத்தியது உதய்க்காக மட்டும் இல்லை.

வகுப்பில் மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும், உறவைச் சொல்லக் கூடாது என்று சேரும்போதே சொன்னீர்கள். சலுகை என்று பேசுவார்கள் என்றீர்கள். நம்பினேன். இப்போது அம்மாவிடமும் அதையே சொல்லச் சொல்கிறீர்கள். சலுகைக்குப் பயந்தா இது? உங்கள் பேருக்குப் பின்னால் மாமாவின் குடும்பப் பேர் பின்டோ இருக்கிறது. மங்களூர்க் குடும்பம் என்று அங்கே எல்லாரும் நினைக்கிறார்கள். பவ்யா சொன்னாள். நம் வகுப்பில் பேத்தமங்களாவிலிருந்து வந்து சேர்ந்தவள். இங்கேயிருந்து கொஞ்ச தூரம்தான். அவளுக்கே நீங்கள் யார் என்று தெரியாது. எனக்காகச் சாட்சி சொல்லக் கேட்டேன். "எங்க அப்பா வம்பு வேணாங்கிறாரு" என்று அழுதாள். அவளை நான் குறை சொல்லவில்லை. அவள் உங்கள் அண்ணன் மகள் இல்லை.

பதினெட்டாம் தேதி விசாரணையில் உண்மையைச் சொல்லுங்கள். உதய் என்ன சொன்னான், நான் எத்தனை முறை நிறுத்தச் சொன்னேன், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று.

கழுத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆஷ்லி


பனசவாடி,
13 செப்டம்பர் 2025

ஆஷ்லி,

நலம் விசாரிக்க எனக்கு இன்று வாய் வரவில்லை.

அண்ணன் பார்த்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியாது.

நான் இந்தக் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம், ஆசிரியர் அறையில் சாப்பிடும்போது ஒருவர் தன் வீட்டு வேலைக்காரியைப் பற்றிப் பேசினார். அவள் எந்த ஊர் என்றும் சொன்னார். அதற்குப் பிறகு

அதற்குப் பிறகு எழுதியிருந்த வரிகளை அடித்துவிட்டேன். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க முயலாதே. உனக்கு இருபது வயசு. கத்தினால் கதவு திறக்கும் என்று நினைக்கிற வயசு. எனக்குத் திறந்த கதவெல்லாம் நான் கத்தாததால் திறந்தது. மங்களூர் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அவர்களாக நினைத்துக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை உனக்காகப் பேசுவேன். உன் இடம் போகாது. அதற்கு நான் பொறுப்பு. நீ வாயைத் திறக்காதே. அது ஒன்றுதான் கேட்கிறேன்.

அண்ணனிடம் எதையும் சொல்லிவிடாதே.

ஐடா


சாம்பியன் ரீஃப்,
27 செப்டம்பர் 2025

அத்தைக்கு,

தோத்திரம். அம்மா சுகமாக வீடு வந்து சேர்ந்தாள். ஒரு நாள் லீவு போட்டதற்கு சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினாள். அப்பா சுகம்.

சொன்னபடி எனக்காகப் பேசினீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது திறக்கிறேன்.

"இந்த மாணவி வரும் பின்னணியை நாம் புரிந்துகொள்ள வேண்டும்" என்று ஆரம்பித்தீர்கள். சுரங்கக் குடும்பங்களில் ஆண்களுக்குச் செவித்திறன் போயிருக்கும், அதனால் வீட்டில் எல்லாரும் உரக்கப் பேசுவார்கள், அது முரட்டுத்தனம் என்று அவர்களுக்கே தெரியாது, இது ஒழுங்கீனம் அல்ல, சூழலின் விளைவு என்றீர்கள். நான் உங்களுக்கு எழுதினதை எடுத்து எனக்கே திருப்பி வாசித்தீர்கள். 'உங்கள் அண்ணன்', 'உங்கள் அப்பா' என்று நான் எழுதின இடத்திலெல்லாம் 'அவர்கள்' என்று போட்டுக்கொண்டீர்கள்.

மூன்று பேருக்கும் முகம் இளகிவிட்டது. முதல்வர் அம்மாவைப் பார்த்து, "அச்சச்சோ, உங்க வீட்டுக்காரருக்குச் சுத்தமாவே கேக்காதா?" என்றார். அம்மா தலையாட்டினாள். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். ரயிலைப் பற்றி, வாசனையைப் பற்றி ஒரு வார்த்தை அந்த அறையில் வரவில்லை. உதய் என்ற பேரே வரவில்லை. என்ன சொன்னதற்கு நான் கத்தினேன் என்று யாரும் கேட்கவில்லை. நான் சும்மாவே கத்துகிற ஜாதி என்று முடிவாகிவிட்டதே, பிறகு எதற்குக் கேட்பார்கள்?

முதல்வர் உங்களிடம் சொன்னார்: "அந்த ஜனங்களைப் பத்தி இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கீங்களே மேடம்!"

"படித்திருக்கிறேன்" என்றீர்கள்.

அம்மா உங்களுக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தாள். உங்கள் கல்யாணத்தில் உங்களுக்குத் தலை பின்னிவிட்டவள். திரும்பி வரும்போது ரயிலில் வைட்ஃபீல்டு தாண்டின பிறகு வாயைத் திறந்தாள். "உங்க அத்தை ரொம்ப இளைச்சுப் போயிட்டா" என்றாள். அப்புறம் பங்காருப்பேட்டை வரைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

என் இடம் தப்பியது. அப்பாவின் காதை அவர்கள் மேஜையில் வைத்து அதை வாங்கிக் கொடுத்தீர்கள்.

ஆஷ்லி


பனசவாடி,
14 அக்டோபர் 2025

அன்புள்ள ஆஷ்லிக்கு,

கர்த்தரின் கிருபையில் சுகம். அனைவரின் சுகத்தையும் விரும்புகிறேன். மழை ஆரம்பித்திருக்கிறது, அண்ணன் நனையாமல் பார்த்துக்கொள்.

உன் இணைப்பைத் திறந்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமையிலிருந்து நீ வகுப்பில் சேரலாம். விடுபட்ட நாட்களுக்கும் சேர்த்து, வருகைப் பதிவு குறையாமல் பார்த்துக்கொள். இனி ஒரு வகுப்பும் தவறக் கூடாது.

விவாதம் நடத்துகிற என் முறையை மற்ற துறைகளின் ஆன்லைன் வகுப்புகளுக்கும் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார் முதல்வர். அதில் புதிதாக ஒரு விதி சேர்த்திருக்கிறேன். இனி விவாதத்தில் எந்த ஊரின் பேரையும், எந்தச் சமூகத்தின் பேரையும் யாரும் சொல்லக் கூடாது. உனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது என்பதற்காகத்தான்.

இந்தக் கிறிஸ்மஸுக்கும் வர முடியாது போலிருக்கிறது. அண்ணனிடம் பக்குவமாகச் சொல்.

ஜெபங்களுடன்,
ஐடா அத்தை


சாம்பியன் ரீஃப்,
18 அக்டோபர் 2025

அத்தைக்கு,

தோத்திரம். மழை கூரை வழியாக உள்ளே வருகிறது, மற்றபடி சுகம். காலி செய்யாமல் உட்கார்ந்திருக்கிற வீடு என்று உதய் சொன்னானே, அதே கூரை. சுரங்கக் கம்பெனி வீட்டுக்கு இன்னும் பட்டா கொடுக்காததால் கூரையை மாற்றவும் பயம். இதெல்லாம் உங்கள் விவாதத்தில் வந்திருக்க வேண்டியது. புது விதிப்படி இனி வரவே வராது. ஊர் பேரைச் சொல்லித் திட்டினான் ஒருவன். நீங்கள் திட்டை விட்டுவிட்டு ஊர் பேரைத் தடை செய்கிறீர்கள். என் ஊருக்கு என்ன பேர் வைத்துப் பேசட்டும், நீங்களே சொல்லுங்கள்.

நான் கேட்பது இதுதான். வகுப்பில், அறுபது பேர் முன்னால், ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். 'எனக்கு அந்த ஊரில் ஆளைத் தெரியும், என் அண்ணன் ஆபிரகாம் அங்கே இருக்கிறார்.' உதயைத் திட்ட வேண்டாம். என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம். ஒப்பந்தத்தைப் புதுப்பித்துவிட்டார்கள் என்று பவ்யா சொன்னாள். இனி அந்தப் பயமும் இல்லை.

சொல்வேன் என்று எழுதுங்கள், அன்றைக்கே வகுப்பில் சேர்கிறேன். அதுவரை அந்த இணைப்பைத் தொட மாட்டேன்.

ஆஷ்லி


சாம்பியன் ரீஃப்,
9 நவம்பர் 2025

அத்தை,

தோத்திரம். நீங்களும் மாமாவும் சுகமா? நிஜமாகவே கேட்கிறேன். அப்பா தினமும் கேட்கிறார்.

மூன்று செவ்வாய்க்கிழமை போய்விட்டது. என் கடிதத்துக்குப் பதில் இல்லை. இன்னும் இரண்டு வகுப்பு போனால் பரீட்சை எழுத விட மாட்டார்கள். அது என் முடிவு, உங்கள் மேல் போடவில்லை. ஆனால் அப்பாவுக்கு எழுதுகிற மாசக் கடிதத்தையும் நிறுத்திவிட்டீர்கள். அதை ஏன் நிறுத்தினீர்கள்? வாசலில் தபால்காரர் சைக்கிளைப் பார்த்தால் எழுந்து போகிறார். லேப்டாப்பை ஏன் திறப்பதில்லை என்று கேட்டார். நெட்வொர்க் சரியில்லை என்றேன். இரண்டு வாரம் நம்பினார்.

நேற்று ராத்திரி சாப்பிடும்போது சொன்னார், "ஐடாவுக்கு உடம்பு சரியில்ல. எங்கிட்ட மறைக்கிறீங்க. நான் போய்ப் பார்த்துட்டு வர்றேன்." அம்மா தடுத்தாள். நான் தடுக்கவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்குக்கூட நிற்காமல், காலை ரயிலில் அங்கே வருகிறார். தனியாக. உங்கள் அடுக்குமாடியின் கீழே செக்யூரிட்டி நிறுத்தி, யார் வேண்டும் என்று கேட்பான். அப்பாவுக்குக் கேட்காது. அவர் தன் பாட்டுக்குச் சத்தமாக உங்கள் பேரைச் சொல்வார், எல்லா மாடிக்கும் கேட்கிற மாதிரி. செக்யூரிட்டி மேலே உங்களுக்குப் போன் போட்டு, கேஜிஎஃப்பிலிருந்து ஒருத்தர் வந்திருக்கிறார், தெரியுமா என்று கேட்பான்.

என்ன சொல்லப் போகிறீர்கள்? ரயில் ஏறுவதற்கு முன்னால் எனக்குத் தெரிய வேண்டும். சனிக்கிழமைக்குள் எழுதுங்கள்.

ஆஷ்லி